ஒரு சுற்றின் விலை

கூரத்தாழ்வானின் கதையில் ஒரு கதவு வருகிறது. ராமானுசரின் முதன்மைச் சீடரான அவர் பெருஞ்செல்வர். நாள் முழுக்க அன்னதானம் நடந்து இரவில் அவருடைய மாளிகைக் கதவு சாத்தப்படும் ஓசை காஞ்சி வரதராசர் கோயில் வரை கேட்டதாம். தன் செல்வம் இப்படி ஓசையெழுப்புகிறதே என்று நாணி, எல்லாவற்றையும் துறந்து திருவரங்கம் போய்விட்டார் என்பது வைணவர்கள் சொல்லும் வரலாறு. காஞ்சிபுரத்தை அடுத்த அதே கூரத்துக்கு இன்று காயில் ஸ்பிரிங்கை வெட்டி இறக்கிய கார் ஒன்று போனால், அதன் வரவும் முன்கூட்டியே தெரிந்துவிடும். முதல் வேகத்தடையில் சைலன்சர் உரசும், இரண்டாவதில் பம்பரின் கீழ் உதடு தட்டும், மூன்றாவதில் ஓட்டுநர் வண்டியைக் குறுக்கே திருப்பி ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுவார். வேடிக்கை பார்க்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஓட்டுகிறவர் முகத்தில் மட்டும் பெருமை குறையாது.

அந்தப் பெருமையைப் பைத்தியம் என்று தள்ளிவிட்டால் விஷயம் புரியாது. காஞ்சிபுரம் மாவட்டம் கார்களின் மாவட்டம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ 1998இல் வெளிவந்தது. ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து தொடங்கிய ஆலை, அப்போலோ டயர் ஆலை, வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் ஆராய்ச்சி மையம் எல்லாம் இருக்கின்றன. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தடம் அதே இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இயங்குகிறது. அப்பா தறியில் உட்கார, மகன் கம்பெனிப் பேருந்தில் ஏறி கார் ஆலைக்குப் போகும் குடும்பங்கள் உள்ள வட்டாரம் இது. ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், ஸ்டெபிலைசர் லிங்க் என்ற சொற்கள் இங்கே கல்லூரிப் பாடமாக மட்டும் வருவதில்லை, சோற்றுக்கான வேலையாகவும் வருகின்றன. அப்படிப்பட்ட பையன் பழைய ஸ்விஃப்ட் ஒன்றை வாங்கி, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் நுழையும் அந்த இடைவெளியைப் பார்த்து முகம் சுளித்தால் அதில் வியப்பில்லை.

அந்த இடைவெளி நமக்காகவே வைக்கப்பட்டது. இந்தியாவில் விற்கும் ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ.; ஜப்பானில் சுசுகி விற்கும் ஸ்விஃப்டுக்கு 120. வித்தியாசம் 43 மி.மீ., ஏறத்தாழ மூன்று விரல் அகலம். வீட்டு வாசலில் ஜாக்கி போட்டு வண்டியை இறக்க நினைக்கிறவர் ஒருவகையில் ஹமாமட்சு நகரத்துப் பொறியாளர்கள் தங்கள் நாட்டுச் சாலைக்கு வரைந்த காரைத்தான் கேட்கிறார். சிக்கல் என்னவென்றால், அவர்கள் அந்த உயரத்துக்கென்று ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், கீழ்க்கை (லோயர் ஆர்ம்) மூன்றையும் சேர்த்து வடிவமைத்தார்கள். வாசலில் நிற்பவர் கையில் இருப்பது ஒரு கிரைண்டர்.

தாழ்ந்த காரின் மோகம் பணக்காரர் வீட்டில் பிறந்ததல்ல. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிசின் கிழக்குப் பகுதியில், மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் பழைய ஷெவர்லே கார்களை வாங்கி, டிக்கியில் மணல் மூட்டைகளை அடுக்கிப் பின்பக்கத்தை அமுக்கினார்கள். உலகிலேயே மலிவான இறக்கம் அதுதான். மூட்டையை எடுத்தால் வண்டி பழையபடி எழுந்துவிடும். பிறகு காயில் வெட்டினார்கள், பட்டை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே கட்டை வைத்தார்கள். வெள்ளைக்கார இளைஞர்கள் வேகத்துக்காகக் காரை மாற்றிக்கொண்டிருந்தபோது இவர்கள் மெதுவாக, தாழ்வாக, பளபளப்பாகப் போவதையே ஒரு பதிலாக ஆக்கினார்கள். சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 1958இல் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டே ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட்டில் விமான உதிரிப்பாகமான ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். போலீஸைக் கண்டால் பொத்தானை அமுக்குவார், கார் எழுந்து சட்டப்படி நிற்கும். அந்தச் சட்டப்பிரிவை கலிஃபோர்னியா ஒருவழியாக 2024 ஜனவரி முதல் தேதியில்தான் கைவிட்டது. ஜப்பானில் இதே வெறிக்கு ‘ஷாகோதான்’ என்று பெயர். உயரம் குறைத்த வண்டி என்றே பொருள். ஜெர்மனியில் இறக்கலாம், ஆனால் தொழில்நுட்ப ஆய்வு அமைப்பிடம் காட்டி வண்டியின் ஆவணங்களில் பதிந்துகொள்ள வேண்டும். சாலையும் நேர், சட்டமும் நேர்.

நம் பக்கத்தில் வண்டியின் கௌரவம் எப்போதும் உயரத்தில் இருந்தது. இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்து அச்சின் மேல் வைத்த மாட்டுவண்டிக்குத் தமிழில் வில்வண்டி என்று பெயர். ஸ்பிரிங்குக்கு அதைவிட நல்ல தமிழ்ச்சொல் இன்னும் வரவில்லை. மிராசுதாரர் வில்வண்டியில் வருவார், மற்றவர்கள் கட்டைவண்டியில் எலும்பு குலுங்கப் போவார்கள். 1893இல் திருவிதாங்கூரின் வெங்ஙானூரில் அய்யங்காளி, ஒடுக்கப்பட்ட மக்கள் நடக்கவே தடை இருந்த பாதையில் வில்வண்டி ஏறிப் போனது வரலாறாயிற்று என்றால், அந்த வண்டியில் ஏறி உட்காருவதற்கு இருந்த பொருள் விளங்கும். இன்றைக்கு ஊரில் பெரிய வீடு கட்டியவர் உயரமான எஸ்யூவி வாங்குவதும் அதன் தொடர்ச்சிதான். வரி விதிப்பிலும் அந்த உயரம் இருந்தது. நாலு மீட்டருக்கு மேல் நீளமும் 1500 சிசிக்கு மேல் எஞ்சினும் 170 மி.மீ. அல்லது அதற்கு மேல் தரை இடைவெளியும் இருந்தால் கூடுதல் செஸ் என்ற விதியில், அந்த இடைவெளியை ஆளும் சுமையும் ஏற்றாத வண்டியில் அளக்க வேண்டும் என்று 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் தெளிவுபடுத்தியது. வரி வெற்று வண்டியை அளந்தது; வேகத்தடை ஐந்து பேர் ஏறிய வண்டியை அளக்கிறது.

இனி கிரைண்டருக்கு வருவோம்.

காயில் ஸ்பிரிங் என்பது சுருட்டி வைத்த ஒரு முறுக்குக் கம்பி. சுமை ஏறும்போது கம்பி அதன் நீளம் முழுக்கச் சிறிது சிறிதாக முறுகுகிறது. கம்பி நீளமாக இருந்தால் முறுக்கு பரவும், ஸ்பிரிங் இளகும். கம்பி குட்டையானால் விறைக்கும். ஆகவே ஒரு சுற்றை வெட்டி எறிந்தால் உயரம் குறைவதோடு விறைப்பும் கூடுகிறது. இந்த இரண்டாவது விளைவைச் சொல்லித்தான் வெட்டுகிறவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்கிறார்கள்: ‘தாழ்ந்தா என்ன, ஸ்டிஃப் ஆகிடுதே, அடி தட்டாது.’

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சின்ன ஹேட்ச்பேக் காருக்குப் பொருந்தும் மாதிரி எண்கள் இவை. முன்சக்கரம் ஒன்றில் ஸ்பிரிங் தாங்கும் எடை 240 கிலோ. ஸ்பிரிங்கை ஒரு மி.மீ. அமுக்க 2 கிலோ வேண்டும். வேலை செய்யும் சுற்றுகள் ஐந்தரை, சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி 55 மி.மீ. வண்டி நிற்கும்போது ஸ்பிரிங் 120 மி.மீ. அமுங்கியிருக்கும், சுற்று ஒன்றுக்கு 22 மி.மீ. போக, ஒரு சுற்று எடுத்துக்கொண்டிருக்கும் உயரம் 33 மி.மீ. அதை வெட்டினால் வண்டி 33 மி.மீ. இறங்கும். விறைப்பு 2 கிலோவிலிருந்து 2.44 கிலோவாக, அதாவது 22 சதவீதம் உயரும். இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது.

ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒன்றாகத் தாங்கும் ஸ்ட்ரட்டுக்குள் ‘பம்ப் ஸ்டாப்’ என்று ஒரு ரப்பர் அல்லது நுரைக் கட்டை உண்டு. சக்கரம் மேலே வந்து அதில் மோதும்வரைதான் ஸ்பிரிங்கின் ஆட்சி. அதன்பின் அடி நேராக வண்டியின் உடம்புக்குப் போகும். நிற்கிற நிலையிலிருந்து அந்தக் கட்டை வரை 70 மி.மீ. இருந்ததாக வைத்துக்கொண்டால், வெட்டியபின் மிஞ்சுவது 37. பள்ளமோ மேடோ தரும் அடியை ஸ்பிரிங் எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பது விறைப்போடு நேராகவும், அமுங்கும் தூரத்தோடு அதன் இருமடிப்படியும் (தூரம் பாதியானால் திறன் கால்) மாறும். எனவே 22 சதவீத விறைப்பைக் கூட்டிக்கொண்டாலும், கட்டையில் மோதுமுன் அடி வாங்கும் திறன் பழையதில் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. பழைய திறனை அந்த 37 மி.மீ.க்குள் பெற வேண்டுமானால் ஸ்பிரிங் மூன்றரை மடங்குக்கு மேல் விறைப்பாக இருக்க வேண்டும். அப்படி ஒரு ஸ்பிரிங்கைப் போட்டால் அது கார் இல்லை, பழைய கட்டைவண்டி. இன்னொரு சுற்றையும் சேர்த்து வெட்டும் துணிச்சல்காரருக்கு 66 மி.மீ. இறக்கம் கிடைக்கும், மிஞ்சும் தூரம் 4 மி.மீ. அவர் ஸ்பிரிங்கில் ஓட்டவில்லை, ரப்பர்க் கட்டைமேல் ஓட்டுகிறார்.

கண்ணுக்குத் தெரிகிற இழப்பு தரை இடைவெளி. உண்மையான இழப்பு இந்தத் தூரம். வண்டி இறக்குவது பற்றிய வாதங்களில் பெரும்பாலானவை முதலாவதைச் சுற்றியே சுழல்கின்றன என்பதால்தான், ‘எங்க ஏரியால ஸ்பீட் பிரேக்கரே கிடையாது’ என்பதை முழுப் பதிலாக நினைக்கிறார்கள்.

மேல்நோக்கிய தூரம் குறைவது ஒருபக்கம். கீழ்நோக்கி இன்னொன்று நடக்கிறது. சக்கரம் ஆழமான பள்ளத்தில் தொங்கும்போது ஸ்ட்ரட் முழுதாக நீளும். அப்போதும் ஸ்பிரிங் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே சற்று இறுக்கமாகவே நிற்கும்படி ஆலையில் அளந்திருப்பார்கள். நம் மாதிரி ஸ்பிரிங்கின் இயல்பு நீளம் 302 மி.மீ., ஸ்ட்ரட் முழுதாக நீண்டபோது தட்டுகளுக்கு இடையே 275 என்றால், 27 மி.மீ. இறுக்கம். ஒரு சுற்றை வெட்டினால் நீளம் 247. இப்போது 28 மி.மீ. தளர்வு. ஸ்பிரிங் தட்டில் ஆடும், திரும்பும், இடம் மாறி உட்காரும். ‘டொக்’ என்ற சத்தத்தோடு தொடங்கும் இந்த நோய், திரும்புகிற வளைவில் ஸ்பிரிங் தட்டைவிட்டு நழுவுகிற அளவுக்குப் போகலாம். விலை கொடுத்து வாங்கும் லோயரிங் ஸ்பிரிங்குக்கும் வெட்டிய ஸ்பிரிங்குக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இங்கேதான். நல்ல கம்பெனிக்காரர் சில சுற்றுகளை நெருக்கமாகச் சுற்றி, சுமையில்லாதபோதும் தட்டைப் பற்றிக்கொள்ளும் நீளத்தைத் தக்கவைப்பார்.

வெட்டுவதிலும் சாதி உண்டு. கேஸ் டார்ச்சில் சூடாக்கி ஸ்பிரிங்கைத் தானாக உட்காரவிடும் பழைய பட்டறை வழி எல்லாவற்றிலும் மோசமானது. ஸ்பிரிங் எஃகைப் பழுக்கக் காய்ச்சி, குளிர்வித்து, மறுபடி அளவாகச் சூடாக்கித்தான் அந்த மீளும் குணத்தை வரவழைக்கிறார்கள். அதைச் சிவக்கச் சுட்டால் குணம் போய்விடும். இடது பக்கம் ஒரு அளவும் வலது பக்கம் ஒரு அளவுமாக உட்காரும், ஆறு மாதத்தில் இன்னும் உட்காரும், ஒரு நாள் ஒடியும். கட்டிங் டிஸ்க் போட்ட கிரைண்டரால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுப்பது அதைவிட மேல். அப்போதும் முனை ஒரே விட்டத்தில் சுற்றி முடியும் ஸ்பிரிங்காக இருந்தால்தான் அறுத்த முனை தட்டின் பள்ளத்தில் உட்காரும். பன்றிவால் மாதிரி முனை குறுகிவரும் ஸ்பிரிங்கை அறுத்தால் அது எங்கேயும் உட்காராது. சுற்றுகளைச் சேர்த்துக் கவ்விப் பிடிக்கும் கிளாம்புகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. நழுவினால் என்ன ஆகும் என்பதை நெடுஞ்சாலையில் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

பழைய வண்டிகள் இந்த விஷயத்தில் பெருந்தன்மையானவை. அம்பாசிடரின் முன்பக்கத்தில் காயிலே கிடையாது. முறுக்குத் தண்டு, அதாவது டார்ஷன் பார். அதன் பல்லை ஒன்றிரண்டு நகர்த்திப் பூட்டினால் உயரம் மாறும், எதையும் அறுக்க வேண்டாம். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். பட்டை அச்சுக்குக் கீழே போகும் வண்டிகளில் நடுவே ஒரு கட்டை வைத்து, நீள யூ-போல்ட் மாட்டினால் உடம்பு கீழே வரும். நாமக்கல், சங்ககிரிப் பக்கத்து லாரிப் பட்டறைக்காரர்கள் பட்டையைக் கழற்றி, அடித்து வளைத்து, சேர்த்து, குறைத்து உயரத்தைச் சரிக்கட்டுவதைத் தினசரி வேலையாகச் செய்கிறார்கள். அவர்களிடம் கேட்பது பெரும்பாலும் உயர்த்தச் சொல்லித்தான்.

வாசலில் செய்யும் வேலையில் உயிருக்கு ஆபத்தான கட்டம் ஒன்று உண்டு. ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து கழற்றியபின் அதன் உச்சி நட்டைத் திறப்பதற்கு முன் ஸ்பிரிங்கை ‘கம்ப்ரசர்’ கொண்டு அமுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போது அந்தக் கம்ப்ரசரின் இரண்டு கொக்கிகள் நூற்றைம்பது, இருநூறு கிலோ எடைக்கு நிகரான விசையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மலிவான கொக்கி, எண்ணெய் பிசுக்கு, சற்றுக் கோணலான பிடி: இதில் ஏதாவது ஒன்று போதும், ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டாகிவிடும். ஜாக்கியில் மட்டும் வண்டியை நிறுத்திக்கொண்டு அடியில் படுப்பது இன்னொன்று. ஸ்டாண்டு இல்லாதவர் அந்த வேலையைத் தொடவே கூடாது. சிக்கனம் பிடிக்கிறவர்கள் முதலில் கைவைக்கும் இடமும் துரதிர்ஷ்டவசமாக இந்த இரண்டு கருவிகள்தான். தெரிந்த பட்டறையில் ஸ்பிரிங்கை மாற்ற மட்டும் கூலி கொடுத்தால் அந்த ஆபத்து வாசலுக்கு வராது.

வேலை முடிந்து வண்டியைத் தரையில் இறக்கியதும் கோணங்கள் மாறியிருக்கும். சக்கரத்தின் தலை உள்ளே சாயும், அதுதான் நெகட்டிவ் கேம்பர். ஸ்டீயரிங் தண்டின் சாய்வு மாறி, டோ, அதாவது சக்கரங்கள் நேராகப் பார்க்கும் கோணம், கலையும். அலைன்மெண்ட் மிஷினில் டோவைச் சரிசெய்யலாம். ஆனால் பல சின்னக் கார்களில் கேம்பரைத் திருத்த இடமே விடவில்லை. தனி போல்ட் வாங்கிப் போட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் டயரின் உள்விளிம்பு கம்பி தெரியும்வரை தேயும், வெளியே பார்க்கிறவருக்கோ டயர் புதிதுபோல இருக்கும். ஸ்பிரிங் வெட்டியது சில நூறு, டயர் மாற்றியது பல ஆயிரம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இன்னும் இரண்டு கெடுதல்களைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. சில வேன்களிலும் பழைய கார்களிலும் பின் அச்சுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு கம்பி பூட்டிய பிரேக் வால்வு இருக்கும். உடம்பு தாழ்ந்தால் சுமை ஏறியதென்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. ஸ்பிரிங்கை வெட்டினால் அது எந்நேரமும் சுமை இருப்பதாகவே நம்பும். மழையில் திடீரென்று பிரேக் போட்டால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், வண்டி சுழலும். மற்றது வளைவில் சாய்வு பற்றியது. தாழ்ந்தால் சாயாது என்பது பொது நம்பிக்கை. ஆனால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் வண்டியில் கீழ்க்கையின் கோணம் மாறுவதால், எந்தப் புள்ளியைச் சுற்றி உடம்பு சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள நெம்புகோல் நீள்கிறது. ஸ்பிரிங்கைத் தக்கபடி விறைப்பாக்காவிட்டால் தாழ்ந்த வண்டி முன்னைவிட அதிகமாகச் சாயும். நிலத்திலிருந்து 550 மி.மீ. உயரத்தில் இருந்த எடை மையம் 30 மி.மீ. இறங்குவதால் வளைவில் கிடைக்கும் லாபம் ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். நல்ல டயர் ஒரு செட் அதைவிட அதிகம் தரும். அழகுக்காகத்தான் இறக்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அதற்கு மறுப்பே இல்லை. ‘ஹேண்ட்லிங்’ என்று சொல்லும்போதுதான் சந்தேகம் வருகிறது.

வேகத்தடைக்கு வருவோம், ஏனென்றால் வீட்டில் அம்மா முதலில் கேட்கப்போவது அதைத்தான். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வகுத்த அளவின்படி, வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 செ.மீ. உயரமும் கொண்ட, 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு வில். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்க வேண்டியது. ஸ்விஃப்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.45 மீட்டர். அந்த வண்டி இந்த மேட்டின் நடுவில் நிற்கும்போது நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். வயிற்றை நோக்கி மேடு எழும்பும் உயரம் வெறும் 44 மி.மீ. விதிப்படி கட்டிய வேகத்தடை, 33 மி.மீ. இறக்கிய காரை ஐந்து பேரோடும் உரசாமல் அனுப்பிவிடும். ஆனால் விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்களே தார் கேட்டு வாங்கிக் குவித்த மேட்டுக்கு ஆரமும் இல்லை, அகலமும் இல்லை. ஒரு மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரம் என்றால் முன்சக்கரம் இறங்கிப் பின்சக்கரம் ஏறாத அந்த நொடியில் முழு 15 செ.மீ.யும் வயிற்றுக்கு நேரே நிற்கும். ஆலை உயரமே குடும்பத்தோடு அதைத் தாண்டத் திணறும். இறக்கியவர் தோற்பது இந்த மேட்டிடம்தான், காங்கிரஸ் அளவிடம் இல்லை.

சாலை மட்டமும் நம் ஊரில் நிலையானதல்ல. பழைய தார்மேல் புதுத் தார் போட்டுப் போட்டு வீடுகள் தாழ்ந்து போவதைத் தடுக்க, மேல்தளத்தைச் சுரண்டி எடுத்தபின்பே புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட வேண்டியிருந்தது. தெரு உயர, கார் தாழ, வாசல் சாய்தளம் செங்குத்தாகிறது. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் தெருக்களில் காரை வாசலில் ஏற்றுகிறவர்களுக்கு முன்பம்பர் முதலில் பலியாகும் என்று சொல்லத் தேவையில்லை.

தாழ்ந்த காருக்குத் தக்க சாலை தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலம் தொட்டு அது இருக்கிறது. கோவையில் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். தரையோடு தரையாகப் போகும் வண்டிகள், பிறவியிலேயே தாழ்ந்தவை. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் ஓடியபோது, மூன்றரைக் கிலோமீட்டர் சாலையை அந்த வண்டிகளுக்கு ஏற்பச் சீர்ப்படுத்த வேண்டியிருந்தது. காரை மாற்றாமல் சாலையை மாற்றிய அரிய சம்பவம் அது.

சட்டம் பற்றி டீக்கடையில் இரண்டு கட்சி. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகப் பிடித்துக்கொண்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. ‘ஆர்.சி. புக்கில் தரை இடைவெளி எங்கே போட்டிருக்கு?’ என்பது எதிர்க்கட்சியின் கேள்வி. உண்மைதான், அதில் எஞ்சின் சிசி, வெற்று எடை, இருக்கை, சக்கரங்களுக்கு இடையிலான நீளம், நிறம் இருக்கும், உயரம் இருக்காது. மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படியான கட்டமைப்பு மாற்றம் என்று 52ஆம் பிரிவின் விளக்கமே சொல்கிறது. 25 மி.மீ. குட்டையான ஸ்பிரிங் அதில் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். வண்டியை ஓரங்கட்டிய பிரேக் இன்ஸ்பெக்டரிடம் அந்த வாதம் எடுபடாது. அதைவிடப் பெரிய கவலை இன்சூரன்ஸ்: சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் கோரிக்கையை மறுக்கக் காரணமாகிவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் இறக்கத்தான் வேண்டும் என்கிறவர்கள் இருப்பார்கள், இருக்கட்டும். அவர்களுக்கு ஓரளவு நியாயமான வழி உண்டு. வண்டிக்கென்றே செய்த லோயரிங் ஸ்பிரிங், இறக்கம் 25, 30 மி.மீ.க்குள், கூடவே புது ஷாக் அப்சார்பர். லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய ஷாக்கின் மேல் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி குதிரைபோலத் துள்ளும். பம்ப் ஸ்டாப்பையும் அதற்கேற்பக் குட்டையானதாக மாற்ற வேண்டும். பிறகு அலைன்மெண்ட், முகப்பு விளக்கின் சாய்வு. இதெல்லாம் பத்தாயிரங்களில் முடியும். உயரத்தைத் திருகி மாற்றும் காயில்-ஓவர் வேண்டுமென்றால் செலவு லட்சத்தைத் தொடும். அவ்வளவு இல்லாதவருக்கு அகலமான டயரும், ஆலை அளவை ஒட்டிய சற்றே பெரிய அலாய் சக்கரமும், பக்கவாட்டில் ஒரு ஸ்கர்ட்டும் இருந்தால் வண்டி ஓர் அங்குலம் இறங்கியதுபோலத் தோன்றும். கண்ணை ஏமாற்றுவது ஸ்பிரிங்கை ஏமாற்றுவதைவிடப் பாதுகாப்பானது. சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் இதற்கான சாமான்களுக்குப் பஞ்சமில்லை.

அதே கடைகளில் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபரும் தொங்கும். தொய்ந்துபோன பழைய காரை அரை அங்குலம் தூக்கிக் காட்டும் சாமான் அது. டாக்சிக்காரர்களும், டிக்கி நிறைய முகூர்த்தப் புடவை ஏற்றிப் போகும் காஞ்சிபுரத்துக் கல்யாண வீட்டுக்காரர்களும் கேட்பது இதைத்தான். வெட்டிய ஸ்பிரிங்குக்கு இது மருந்தாகாது, வெட்டிய சுற்று திரும்ப வளராது. லோயரிங் ஸ்பிரிங் வாங்கியவர் அப்படியில்லை. கழற்றிய நாலு பழைய ஸ்பிரிங்கையும் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, எது முன், எது பின் என்று சாக்பீஸில் எழுதிப் பரணில் போட்டு வைத்திருப்பார். வண்டியை விற்கிற அன்றைக்கு, வாங்க வந்தவர் குனிந்து அடியைப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்துக் கேட்கும்போது, ஏணியைச் சாத்திப் பரணில் ஏறுவார்.